முக்கால் வாய்ப்பாடு

எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் ஒரு தமிழ் தினசரி காலண்டர் தொங்கும். மார்கழியில் ஊரிலிருந்து யார் ரயிலேறினாலும் முறுக்கு டப்பாவோடு அதுவும் வந்துவிடும். அம்மாவுக்கு அது சஷ்டியும் கிருத்திகையும் பார்க்க. அப்பாவுக்கு ராகு காலம். எனக்கு நாற்பது வயது வரை அது பஜ்ஜி எண்ணெய் ஒற்றும் தாள். மும்பையில் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது என்று மீனவர்களான கோளிகளில் ஒரு அம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது டிராம்பேயில், சீட்டா கேம்ப்பில். 1976-ல் ஜனதா காலனியை இடித்தபோது அங்கிருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதில் பாதிக்கு மேல் நம் ஆட்கள் என்று அப்பா சொல்வார். திருநெல்வேலியும் விழுப்புரமும் சேலமும் ஒரே சந்துக்குள் இருக்கும். குடியிருப்பு முடிகிற இடத்தில் அலையாத்திக் காடு. அதைத் தாண்டினால் சேறு, அதற்கும் அப்பால் தாணே உப்பங்கழி. கழியை இங்கே ‘காடி’ என்பார்கள்.

வெட்கப்படாமல் சொல்கிறேன், சின்ன வயதில் அந்தச் சேறு எங்களுக்கு ஒதுங்கும் இடம். அவ்வளவுதான். காலையில் டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவோம். கொஞ்ச தூரத்தில் முழங்கால் சேற்றில் குனிந்தபடி பெண்கள் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எங்களைப் பார்க்க மாட்டார்கள், நாங்கள் அவர்களைப் பார்க்க மாட்டோம். அது அவர்களுடைய வயல் என்றும், நாங்கள் வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்றும் யாரும் சொல்லித் தரவில்லை.

2020-ல் எல்லாம் மூடிக் கிடந்தபோது, நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சரக்கு ஏஜெண்டின் ஆபீஸும் மூடிவிட்டது. முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. என்னோடு படித்த ஒருவன் டிராம்பே கோளிவாடாக்காரன். அவன் அம்மாவை ஊரே மாவ்ஷி என்றுதான் கூப்பிடும். சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. மார்க்கெட்டெல்லாம் பூட்டியிருந்த அந்த நாட்களிலும் அவர் வீட்டில் குழம்பு கொதித்தது. படகு வேண்டாம், டீசல் வேண்டாம், ஐஸ் வேண்டாம். ஒரு கூடை, ஒரு இரும்புக் கம்பி, ஒரு சின்னக் கொத்துக் கத்தி, இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. அந்த ஆண்டு மழை ஓய்ந்ததும், நவம்பர் தொடக்கத்தில், நானும் வருகிறேன் என்று அவர் பின்னால் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்க காலண்டர்ல இன்னைக்கு என்ன திதி?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். துவிதியை.

“ரெண்டு. முக்கால் போடு. ஒன்றரை. ஒன்றரை மணிக்குக் கடல் நிறையும். அதிலிருந்து ஆறே கால் மணி தள்ளு. காலையில ஏழே முக்காலுக்கு அடியில இருக்கும்.”

இதுதான் கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாளிலிருந்து பிரதமை ஒன்று, துவிதியை இரண்டு என்று பதினைந்து வரை எண்ணிக்கொண்டு போக வேண்டும். அந்த எண்ணை முக்காலால் பெருக்கினால் மும்பைக் கரையில் நீர் உச்சத்துக்கு வரும் மணி கிடைக்கும். நாலாம் நாள் சதுர்த்திக்கு மூன்று மணி. எட்டாம் நாள் அஷ்டமிக்கு ஆறு மணி. பௌர்ணமிக்குப் பதினொன்றே கால், ஏறக்குறைய நடுப்பகலும் நடு இரவும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் பின்னுக்குப் போகும். கொங்கணக் கரை முழுக்க மீனவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மொபைலில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், பார்த்து நான் பலமுறை ஒப்பிட்டிருக்கிறேன். கால் மணி, அரை மணி முன்னே பின்னே வரும், அதற்கு மேல் தப்பியதில்லை. ஆனால் இது மும்பைக்கும் சுற்றுவட்டாரத்துக்குமான கணக்கு. சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “ஓர் முக்கால் முக்கால், ஈர் முக்கால் ஒன்றரை, மூமுக்கால் ரெண்டேகால், நான்முக்கால் மூணு” என்று ராகமாக ஆரம்பித்துவிட்டார். திண்ணைப் பள்ளியில் அடி வாங்கிப் படித்த முக்கால் வாய்ப்பாடு. அறுபது வருஷமாக இதற்கு ஒரு வேலையும் வரவில்லை என்று சிரித்தார். மறுநாள் மாவ்ஷியிடம் சொன்னால், மராத்தியிலும் அதே வாய்ப்பாடு உண்டாம், பாவுண்கி என்று பேர். அவரே பள்ளிக்கூடம் போகாதவர். அவருடைய அப்பா சொல்லிச் சொல்லி மனதில் ஏறியது.

நம் ஊர்க் கிழக்குக் கரையில் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கழி, கானல், ஓதம் என்று தமிழில் எத்தனையோ பழைய சொற்கள் உண்டு. ஆனாலும் ‘கடல் ஒரு கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது’ என்று ஊரில் யாரிடமாவது சொன்னால் சுனாமியா என்றுதான் கேட்பார்கள். இங்கே பெரிய ஓத நாட்களில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை மாநகராட்சியே முன்கூட்டி வெளியிடும், அந்த நேரத்தில் மழையும் கொட்டினால் சாக்கடை வழியாக நீர் வெளியேற முடியாது என்பதால். தரை கொஞ்சம்தான் சரிவு. அதனால் நாலு மீட்டர் இறங்கினால் பெரிய மைதானமே வெளியே வந்துவிடும். தாணே கழியில் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்று நீர் அதிகம் வருவதில்லை. கடல்தான் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கிறது. கொண்டுவரும் வண்டல் அங்கேயே படிகிறது.

திதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தை இங்கே ‘உதாண்’ என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டி வரும் சோம்பேறி ஓதம் ‘பாங்க்’. பாங்க் நாட்களில் நீர் அதிகம் ஏறாது, அதிகம் இறங்கவும் இறங்காது. போனாலும் பிரயோசனமில்லை. உதாணின் உச்சமும் பௌர்ணமியன்றே வராது, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். இதை முக்கால் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். துவிதியை, திரிதியை, சதுர்த்தி மூன்று நாளும் நீர் நன்றாக இறங்கும், இறங்குகிற நேரமும் காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பதே காலுக்குள் வரும். வெளிச்சமும் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மாவ்ஷியின் மாதமே இந்த நாட்களைச் சுற்றித்தான். அஷ்டமி நவமியில் கூடை முடைவார், கல்யாணத்துக்குப் போவார், முட்டிவலிக்கு எண்ணெய் போடுவார். நம் வீட்டில் அஷ்டமி நவமியில் நல்ல காரியம் செய்ய மாட்டோம். அவருக்கு நல்ல காரியம் செய்ய அந்த இரண்டு நாள்தான் ஒழியும்!

சேற்றில் நடப்பதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆனது. கம் பூட் வாங்கிக்கொண்டு போனேன். மாவ்ஷி அதைப் பார்த்ததும், கழற்றிக் கரையில் வை என்றார். பூட்டுக்குள் சேறு புகுந்தால் அது காலைப் பிடித்துக்கொள்ளும், கால் வந்தாலும் பூட் வராது. அவர் போடுவது பழைய காலுறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, கணுக்காலில் துணி நாடா கட்டி. சிப்பிக் கிழிசலிலிருந்து ஓரளவு காப்பாற்றும், சேற்றில் வழுக்காது. நடக்கும்போது முட்டியை மடக்கியே வைத்திருக்க வேண்டும், ஓர் இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால்தான் இறங்கும். அலையாத்தி வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் கெட்டி. மங்கலாக, சின்னச் சின்ன நண்டு வளை நிறைந்திருக்கும் இடமும் பரவாயில்லை. கண்ணாடி மாதிரி பளபளவென்று வழவழப்பாக இருந்தால் அங்கே கால் வைக்காதே, அது பார்க்க மட்டும் அழகு என்பார்.

நண்டு பிடிப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வளை வாயில் புதிய சேறு கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நுனியில் கொக்கி வளைத்த கம்பியை மெதுவாக உள்ளே விடுவார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார், டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. கம்பி ஓட்டில் பட்டால் ஒரு டொக். அந்தச் சத்தம் காதுக்குக் கேட்பதில்லை, கைக்குக் கேட்கிறது. நண்டு கோபத்தில் கம்பியைக் கவ்வும். இழுக்கக் கூடாது, அது இழுக்கும்போது விட்டு, அது விடும்போது இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் முதுகில் காலை வைத்து, கொடுக்குகளை மடக்கி, இடுப்பிலிருந்து சணல் நூல் எடுத்து மூன்று சுற்று. ஒரு நிமிடம்கூட ஆகாது. வயிற்றில் முட்டை அப்பியிருந்தால் திரும்ப வளை வாயில் விட்டுவிடுவார். நிலாக் காலத்தில் நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நிறைந்திருக்கும் என்று நம் ஊரில் சொல்வது போலவே இவரும் சொன்னார். உண்மையோ இல்லையோ, அமாவாசையை ஒட்டி விலை கூடுகிறது.

நண்டுக்கு இங்கே சிம்போரி என்று பேர். மட்டிக்குத் திஸ்ரியா, பாறைச் சிப்பிக்குக் காலவா. நிவ்டி என்று ஒரு மீன் உண்டு. சேற்றின் மேலேயே தத்தித் தத்திப் போகும், கண் இரண்டும் தலைக்கு மேலே தவளை மாதிரி. அதை வளைக்குள் கையை விட்டுத்தான் பிடிப்பார்கள். எனக்கு ஒன்றுகூட அகப்பட்டதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகக்கூடாத தடைக்காலத்தில், மார்க்கெட்டில் கடல் மீன் குறைந்திருக்கும்போது நிவ்டியும் சிம்போரியும்தான் இந்தத் தெருக்களுக்குக் கை கொடுக்கும். ஜவளா என்று விற்கும் பொடி இறால் நம்முடைய சென்னாக்கூனிதான். அம்மா அதை முதல்முறை பார்த்துவிட்டு, இத்தனை வருஷமாக ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் மாதம், ஜனவரியில், திரிதியை அன்று தனியாகப் போனேன். மாவ்ஷி உறவில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். கணக்குதான் தெரியுமே என்ற தெனாவெட்டு. மூன்று முக்கால் இரண்டேகால், அதிலிருந்து ஆறேகால் தள்ளினால் காலை எட்டரை மணி. சரி, எட்டரைக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்பலாம் என்று எட்டேகாலுக்கு இறங்கினேன். தப்பு அங்கேதான். நீர் அடியில் இருக்கும் நேரம் நாம் இறங்கும் நேரம் இல்லை, திரும்பும் நேரம். இரண்டு மணி நேரம் முன்னாலேயே இறங்கி, வற்றுகிற நீரைத் துரத்திக்கொண்டே போய், அது நிற்கிற இடத்தில் நாமும் நின்று, திரும்பிவிட வேண்டும். மாவ்ஷி தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் அதை ஒரு விதியாக அவர் சொன்னதில்லை, நானும் கவனித்ததில்லை.

சிப்பி நன்றாகக் கிடைத்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோதெல்லாம் எதிரே நீர் தூரத்தில்தான் இருந்தது. எதிரே வரும் நீரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றுவெளி தட்டையான மைதானம் இல்லை, அதில் நரம்பு மாதிரி ஓடைகள் ஓடுகின்றன. ஏறுகிற நீர் முதலில் அந்த ஓடைகளில்தான் புகும். எனக்கும் கரைக்கும் நடுவில் கணுக்கால் அளவில் கடந்துவந்த ஓடை, பத்துமணி வாக்கில் திரும்பிப் பார்த்தபோது தொடை அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீர் ஒரே வேகத்தில் ஏறுவதும் இல்லை. ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று பங்கு. முதல் மணி நேரம் நம்மை ஏமாற்றும். நான் ஏமாந்தேன்.

பதறி ஓடையோரத்தில் கால் வைத்தேன். அந்தப் பளபளப்பான இடம். வலது கால் தொடை வரை போய்விட்டது. இடது காலை ஊன்றி இழுத்தேன், அதுவும் முட்டி வரை போனது. இழுக்க இழுக்க உள்ளே ஏதோ உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. கரையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. நான் கத்தினது அவர்களுக்குக் கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம்.

இப்படி மாட்டினால் நிமிர்ந்து நிற்க முயலக் கூடாது. பின்னால் சாய்ந்து மெத்தையில் உட்காருவது போல உட்கார்ந்துவிட வேண்டும். உடம்பு எடை பரவினால் கால் மீதுள்ள பாரம் குறையும். அப்புறம் காலை மேலே இழுக்காமல் உள்ளேயே முன்னும் பின்னும் அசைத்து, பக்கத்தில் நீர் புக வழி செய்ய வேண்டும். நீர் புகுந்தால் பிடி தளரும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரிந்திருந்தது என்று சொன்னால் பொய். சோர்ந்துபோய்ப் பின்னால் விழுந்தேன், விழுந்ததால் கால் தளர்ந்தது. கூடையைக் கவிழ்த்து மார்புக்கு அடியில் வைத்து, உடும்பு மாதிரி தவழ்ந்து, ஓடையில் பாதி நீந்தி அலையாத்தி வேரைப் பிடித்தேன். சிப்பி போனது, கத்தி போனது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிப்பி ஓடு கிழித்திருந்தது. அதைச் சாதாரணமாக எண்ணி மஞ்சள் பூசிக்கொண்டு படுத்தேன். இரண்டாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல். தடுப்பூசியும் ஒரு வாரம் மாத்திரையும் ஆனது. கழிச் சேற்றில் பட்ட காயத்தை அப்போதே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும், சிவந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நீரிழிவு இருப்பவர்கள் காயத்தோடு அங்கே இறங்கவே கூடாது. கெளுத்தி முள் குத்தினால் மட்டும் மாவ்ஷி செய்வது வேறு. தாங்குகிற அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைக்கச் சொல்வார். வலி சட்டென்று இறங்கும், நானே அனுபவித்தது.

மாவ்ஷி ஊரிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. என் கூடையை எடுத்துப் பார்த்து, “சேறு யாரையும் தின்னாது போரா (பையா), பிடிச்சு வச்சுக்கும். தின்னுறது தண்ணிதான்” என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னைக் கூட்டிப்போகவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். மும்பையில் அலையாத்திக் காட்டை அழிக்கக் கூடாது என்று 2005-லேயே உயர் நீதிமன்ற ஆணை வந்து, அதற்கெனத் தனிப் பிரிவும் 2012 முதல் இயங்குகிறது. பல இடங்கள் காப்புக்காடு. ஐரோலிக்கும் வாசிக்கும் நடுவே உள்ள பகுதி 2015-லிருந்து பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயம், 2022-ல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. டிராம்பே கரையில் பாதுகாப்புக் கெடுபிடியும் உண்டு, கேமராவைத் தூக்கினால் விசாரிப்பார்கள். அந்த ஊர்க்காரர் கூட்டிப்போகாமல் இறங்கும் இடமே இல்லை அது.

சாப்பிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டித் தின்னுகிறவை. நீரில் இருக்கும் கழிவும் கன உலோகமும் அதன் உடம்பில் தங்கும். மாஹுல் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன, நகரத்துச் சாக்கடையும் இங்கேதான் விழுகிறது. மாவ்ஷி ஒரு சாக்கடைக் கால்வாயின் வாயில் மட்டும் கொழுத்த மட்டி கிடந்தாலும் எடுக்க மாட்டார். “அது கொழுத்தது எதைத் தின்னுன்னு எனக்குத் தெரியும்.” நான் இப்போது மட்டி வாங்கினால் எந்த இடத்தது என்று கேட்காமல் வாங்குவதில்லை. உப்புத் தண்ணீரில் மூன்று நாலு மணி நேரம் போட்டு மணலைக் கக்கவைத்து, வாய் பிளந்து தட்டினாலும் மூடாததை அவிக்கும் முன்பே எறிந்து, அவித்தபின் திறக்காததையும் எறிந்துவிடுவோம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கழி மட்டியை நான் கொடுக்க மாட்டேன். இது என் முடிவு. மாவ்ஷி வீட்டில் எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. படகு வைத்திருப்பவருக்குப் பதிவு எண் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. கழியில் ஏதாவது கட்டும்போது இழப்பீடு என்று பேச்சு வந்தால் காட்ட ஒரு தாள் இருக்கிறது. கம்பியும் கூடையுமாக நாற்பது வருஷம் இறங்கியவரிடம் என்ன தாள் இருக்கும்? ஒரு முறை கணக்கெடுக்க வந்த ஒருவர் மாவ்ஷியிடம் தொழில் என்ன என்று கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு ‘குடும்பத் தலைவி’ என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கையில் அப்போது நூல் கட்டிய ஒன்பது நண்டு இருந்தது.

இந்தக் கணக்கை வைத்து நான் செய்த உருப்படியான காரியம், மகளுக்குப் பூநாரை காட்டியது. முதல் முறை சிவ்ரிக்குப் போனது அவள் நாலாவது படிக்கும்போது, திதி எதுவும் தெரியாத காலம். ஹார்பர் லைனில் இறங்கி, அந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது என்பதால் டாக்சி பிடித்துத் துறைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய வரை சேறு. அடிவானத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. “அப்பா, இதுக்கா?” என்றாள். நீர் வற்றியிருந்தால் பறவை நீரோரத்தைத் தேடித் தூரப் போய்விடும். உச்சத்தில் நிற்க இடமில்லாமல் பறந்துவிடும். உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி முன்போ பின்போ போனால்தான், ஏறும் நீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து காட்டும். இரண்டாம் முறை பஞ்சமியாகப் பார்த்துப் போனேன். ஐமுக்கால் மூணேமுக்கால், ஒரு மணிக்கே துறையில் இருந்தோம். சிவ்ரி கிழக்கைப் பார்த்த கரை, பகல் சாய்ந்தால் வெயில் நமக்கு முதுகுப்பக்கம். நிறம் அப்போதுதான் எடுக்கும்.

அவ்வளவு கிட்டத்தில் நானும் அன்றுதான் பார்த்தேன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றுக்கஞ்சியை வடிகட்டிக் குடிக்கின்றன. பெரும்பாலும் சிறு பூநாரை, நடுவே பெரியவை கொஞ்சம். நவம்பர் வாக்கில் குஜராத் பக்கத்திலிருந்து வந்து மழைக்கு முன் திரும்பிவிடும். அவை தின்னும் பாசி செழிப்பதற்கு நம் சாக்கடையும் ஒரு காரணம் என்கிறார்கள். மும்பைக்காரன் கொடுக்கும் ஒரே விருந்து! தலைக்கு மேலே அடல் சேது என்ற கடல் பாலம், 21.8 கிலோமீட்டர், 2024 ஜனவரியில் திறந்தது, இந்தச் சேற்றிலிருந்துதான் கிளம்புகிறது. அதே ஆண்டு மே மாதம் காட்கோபரில் விமானத்தில் அடிபட்டு நாற்பது பூநாரை போலச் செத்து விழுந்ததை என் மகள் செய்தியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மராத்தியில் பூநாரைக்கு ரோஹித் என்று பேர் என்று மாவ்ஷி சொன்னபோதுதான் மறுபடி சிரித்தாள். ரோஹித் சர்மா கூட்டமாக நின்று சேறு குடிப்பதை நினைத்துப் பார்த்தாளாம்.

போன கார்த்திகையில் ஒரு நாள் மாவ்ஷி ஆறு நண்டு கொடுத்தனுப்பினார், நான்காம் வீட்டு மருமகளின் வளைகாப்புக்கு என் மனைவி சாதம் கிளறிக் கொடுத்ததற்கு. காலண்டரில் பஞ்சமி காலை 8.40 வரை, அதன்பின் சஷ்டி. “சஷ்டியும் அதுவுமா நண்டைத் தூக்கிட்டு வந்திருக்கானே, ஏலே, அடுப்புப் பக்கம் கொண்டு வராதே” என்று அம்மா விரட்டிவிட்டார். மறுநாள் சமைக்கலாம் என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடி, பக்கெட்டைக் குளியலறையில் வைத்தேன். ஈரமாக, நிழலாக இருந்தால் கழி நண்டு ஒரு ராத்திரி தாராளமாக உயிரோடு இருக்கும். தண்ணீருக்குள் மூழ்கடித்து வைத்தால்தான் செத்துவிடும். மூச்சு விடட்டும் என்று மகள் ஒன்றின் நூலை மட்டும் அவிழ்த்துவிட்டது எனக்குத் தெரியாது.

விடியற்காலை நாலரைக்கு அப்பாவின் குரல் கேட்டது. சிலிண்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து நின்றார். “ஆறுமுக்கால் நாலரை,” என்றார், “தண்ணி ஏறுற நேரம்லா, அதான் கிளம்பிட்டு.”